மதுரையைச் சதுரம் சதுரமாக நடந்து பார்க்க: முதன்முறை வருபவர்களுக்கு

மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பல பேர் ஊரைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள். காலையில் ரயிலை விட்டு இறங்குவார்கள், இரண்டு மணி நேரத்தில் கோயிலைச் சுற்றுவார்கள், ஒரு ஜிகர்தண்டா குடிப்பார்கள். மதியமே ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறிவிடுவார்கள். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் வந்து போனேன். மூன்றாவது தடவை ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் தங்க வேண்டி வந்தது. கல்யாண வீடு தெற்குமாசி வீதிப் பக்கம், நாங்கள் தங்கியது மேலவெளி வீதியில். ஒரு நாளைக்கு மூன்று தடவை இங்கிட்டும் அங்கிட்டும் நடந்ததில்தான் இந்த ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பது காலுக்குப் பிடிபட்டது.

அதற்குப் பிறகு அக்கா குடும்பம், கல்லூரி நண்பர்கள், பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகள் என்று நிறையப் பேரை இங்கே அழைத்து வந்து நடந்திருக்கிறேன். எல்லோரையும் ஒரே வரிசையில்தான் கூட்டிப் போகிறேன்: உள்ளிருந்து வெளியே. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். முழுதாக இரண்டு நாள் வேண்டும். பழகிய செருப்பு, குடை, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும்.

முதலில் கீழ, மேல என்பதைப் பழகுங்கள்

மதுரையின் பழைய ஊர் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சதுரங்கள். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். கோயில் மதிலுக்கு உள்ளேயே நான்கு பக்கமும் ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். மாதப் பெயர்கள் சும்மா வைத்தவை இல்லை. அந்தந்த மாதத்துத் திருவிழாவில் சாமி வலம் வந்த வீதிகள் அந்தப் பெயரைப் பெற்றன. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஊரைத் திருத்தி அமைத்தபோது இந்தச் சதுரங்கள் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தன என்கிறார்கள். நடுவில் கோயில் மொட்டு, சுற்றிலும் வீதிகள் இதழ்கள் என்று தாமரையோடு ஒப்பிட்டுச் சொல்லும் பழக்கம் அதைவிடப் பழையது.

ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு பக்கம். கிழக்குப் பக்கம் கீழ, மேற்குப் பக்கம் மேல. கீழமாசி, மேலமாசி, வடக்குமாசி, தெற்குமாசி என்று நான்கும் வேறு வேறு வீதிகள். புதிதாக வருபவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "மாசி வீதியில் நிற்கிறேன், வந்துவிடு" என்று போனில் சொன்னால் வருகிறவர் ஊரைச் சுற்றிக்கொண்டே இருப்பார். பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழ என்றால் தாழ்ந்தது, மேல என்றால் உயர்ந்தது. வைகை மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஊர் இது. தண்ணீர் போகும் பக்கம் கீழ என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வழி தவறினால் கைப்பேசியில் வரைபடத்தைத் தேடுவதற்கு முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். சந்தின் முனையில் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும். நான் ஒருமுறை ஆவணி மூல வீதிப் பக்கம் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கோயிலு எங்கிட்டு இருக்குன்னு பாரு தம்பி, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். அதைவிட நல்ல யோசனையை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இறங்கும் இடம், தங்கும் இடம்

ரயில் நிலையம் மேலவெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து எதிரே டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் கோயில் பக்கம் வந்துவிடலாம். பேருந்தில் வந்தால் எந்த நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரம் வண்டிகள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, திண்டுக்கல், தேனி வண்டிகள் ஆரப்பாளையத்துக்கு வரும். பெரியார் நிலையம் நகரப் பேருந்துகளுக்கானது, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் இறங்கியவர்கள் "பெரியார்" என்று போட்ட நகரப் பேருந்தைப் பிடித்தால் பழைய ஊரின் மேற்கு விளிம்புக்கு வந்துவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

அறையை டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, மேலவெளி வீதி ஆகியவற்றின் பக்கம் எடுப்பது நல்லது. இரவு எத்தனை மணி ஆனாலும் நடந்தே திரும்பலாம். "கோபுரம் தெரியும் அறை" என்று ஒரு விடுதியில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அறையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். கதவு எண், தெருப் பெயரைவிட விளக்குத்தூண், சிம்மக்கல், யானைக்கல், கீழவாசல், தெற்குவாசல் என்று இடத்தின் பெயரைச் சொன்னால் வேலை சுலபம். ஆனால் மாசி வீதிக்கு உள்ளே ஆட்டோ வேண்டவே வேண்டாம். நடப்பவர் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்.

முதல் நாள் அதிகாலை: சித்திரை வீதிகள்

ஐந்தரை மணிக்குக் கிளம்புங்கள். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, கல் பாவிய தரை. அந்த நேரத்தில் நடப்பவர்கள், கோலம் போடுகிறவர்கள், பூக்கடை திறக்கிறவர்கள், வேண்டுதலுக்காகச் சுற்றி வருகிறவர்கள் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கோயிலுக்குள் போகும் முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். நிதானமாக நடந்தாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

இந்த ஒரு சுற்றில் நான்கு பெரிய கோபுரங்களையும் பார்த்துவிடலாம். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், ஏறக்குறைய 170 அடி. அதன் இரண்டு ஓரங்களும் நேர்க்கோடாக இல்லாமல் லேசாக உள்வாங்கி வளைந்து மேலே போவதைக் கவனியுங்கள். தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும். வடக்குக் கோபுரத்துக்கு மொட்டைக் கோபுரம் என்று பெயர். நெடுங்காலம் சுதைச் சிற்பங்கள் இல்லாமல் நின்றதால் வந்த பெயர், அங்கே இருக்கும் முனீஸ்வரரும் மொட்டைக் கோபுரத்து முனியாண்டிதான். கிழக்கில் கோபுரத்துக்கு நேர் எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது, புதிது என்று பெயர் வைத்து ஏறக்குறைய 400 ஆண்டு ஆகிறது. தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்திருந்த இடம். அந்தக் கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூண்களில் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் உண்டு. அதற்கும் கிழக்கே போனால் ராய கோபுரம். கட்டத் தொடங்கி முடியாமல் நின்றுபோன கோபுரம். அடித்தளத்தின் அகலத்தையும் நிலைக்கால்களின் உயரத்தையும் பார்த்தால், முடிந்திருந்தால் தெற்குக் கோபுரமே சின்னதாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றும். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள்.

பிறகு கோயிலுக்குள். கைப்பேசி உள்ளே போகாது. வாசலில் கொடுத்து வைத்துச் சீட்டு வாங்க வேண்டும். எந்த வாசலில் கொடுத்தீர்களோ அதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், செருப்புக்கும் அதுதான் கதி. அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை இரண்டும் வேண்டாம். கிழக்கில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மதுரைக்காரர்கள் அம்மன் சன்னதி வழியாக, அஷ்டசக்தி மண்டபத்தில் நுழைந்து மீனாட்சியை முதலில் பார்ப்பார்கள், சொக்கநாதர் அப்புறம்தான். அப்படியே செய்யுங்கள். பொற்றாமரைக் குளப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணினால் 985 வரும். சாமி கும்பிடுவதோடு நிறுத்திவிடாமல் வெளிப் பிராகாரமான ஆடி வீதிக்கும் போய் வாருங்கள். திறந்த வானமும் காற்றும் உள்ள இடம் அது. வடக்கு ஆடி வீதியும் மேற்கு ஆடி வீதியும் சேரும் மூலையில்தான் சித்திரையில் திருக்கல்யாணம் நடக்கிறது.

மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத் திறப்பார்கள். ஆகவே பன்னிரண்டுக்கு முன் கோயில் வேலையை முடித்துவிட வேண்டும். முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்ப வாருங்கள். பள்ளியறைப் பூசைக்காகச் சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி சன்னதிக்குக் கொண்டு போவார்கள். மேளச் சத்தத்தோடு அந்தப் பல்லக்கு கடந்து போவதைப் பார்த்தவர்களுக்குக் காலையில் பார்த்த கோயில் வேறு, இது வேறு.

ஆவணி மூலம்: பெயர்களைப் படித்துக்கொண்டே நடங்கள்

அடுத்த சதுரம் வியாபாரம். ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கொண்டாடும் ஆவணி மூலத் திருவிழாவில் சாமி வலம் வந்த வீதிகள் இவை. தெற்கு ஆவணி மூல வீதி முழுக்க நகைக்கடைகள். வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் இந்தச் சதுரத்தில் பிரதான வீதிகளைவிட அதிலிருந்து பிரியும் தெருக்களில் நடப்பது நல்லது. பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். எழுத்தாணிக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்று தொழில்களின் பட்டியல் அது. ஓலையில் எழுதிய காலம் போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று, எழுத்தாணி செய்தவர்களின் தெரு மட்டும் அஞ்சல் முகவரியில் இருக்கிறது. எனக்கு மதுரையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மாசி வீதிகள்: இதற்கு நேரம் ஒதுக்குங்கள்

ஒரே ஒரு சதுரத்தைத்தான் முழுதாக நடக்க முடியும் என்றால் மாசி வீதிகளை நடங்கள். ஒரு சுற்று வர நிதானமாக ஒரு மணி நேரம், நின்று பார்த்து நடந்தால் அரை நாள்.

மாசி என்று பெயர் இருந்தாலும் இப்போது இங்கே ஓடுவது சித்திரைத் தேர். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவிட்டார் என்று சொல்வார்கள். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் சுவாமி தேரும் அம்மன் தேரும் கீழமாசி வீதியில் புறப்பட்டு நான்கு மாசி வீதிகளையும் சுற்றி நிலைக்கு வரும். ஆகவே கீழமாசியிலிருந்தே உங்கள் சுற்றையும் தொடங்குங்கள். மற்ற நாட்களில் தேர்கள் தேரடியில் நிற்கும்.

தெரு எதற்காக இத்தனை அகலம் என்று இப்போது புரியும். மூலைகளுக்கு வரும்போது இன்னொன்றும் புரியும். அத்தனை பெரிய தேரை மூலையில் திருப்ப வேண்டும் என்றால், வடம் பிடித்து இழுப்பவர்கள் மூலைக்கு அப்பாலும் நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக மாசி வீதி மூலைகளில் ஒரு தெருவை நீட்டி விட்டிருக்கிறார்கள். வடம் போகிற தெரு, வடம்போக்கித் தெரு. பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மூலையில் நின்று, தேர் எங்கே நிற்கும், கயிறு எதுவரை போகும் என்று மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். நான் அழைத்து வந்த பிள்ளைகள் கோயிலைவிட அதிக நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தது இந்த மூலையில்தான்.

கீழமாசியில் பலசரக்கு மொத்த வியாபாரம். மல்லி, வற்றல், சீரகம், புளி எல்லாம் கலந்த வாசனை வீதி முழுக்க இருக்கும். தெற்கே நடந்தால் விளக்குத்தூண். வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம், இன்று அந்தப் பகுதிக்கே அதுதான் பெயர். அங்கே பக்கத்துச் சந்து ஒன்றில் நுழையுங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்து ராட்சசத் தூண்கள் நிற்கும். பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கரின் அரண்மனை ஒருகாலத்தில் இதுவரை பரந்திருந்தது, அதில் ரங்கவிலாசம் என்ற பகுதியின் மிச்சம் இந்தத் தூண்கள். தூணில் சாய்த்து வைத்த சைக்கிள், தூணை ஒட்டிக் கட்டிய கடை, தூணுக்குப் பின்னால் தொங்கும் நைட்டி. அரசர் கட்டியதையும் இன்றைய பிழைப்பையும் இத்தனை நெருக்கமாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

ஜிகர்தண்டா குடிக்க இதுதான் இடம். காய்ச்சிக் குறுக்கிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வெயில் தணிந்த பிறகு குடித்தால் ருசி தெரியும். மதியம் சாப்பிட்டவுடன் குடித்தால் நடக்க முடியாது.

தெற்குமாசியைக் கடந்து மேலமாசிக்குத் திரும்புங்கள். இங்கே இரண்டு இடம். ஒன்று, இம்மையில் நன்மை தருவார் கோயில். சிவனே சிவலிங்கத்தைப் பூசிக்கும் கோலம். அரசனாகப் பட்டம் சூடும் முன் பூசை செய்தார் என்பது கதை. வீதியின் இரைச்சலிலிருந்து ஐந்து நிமிடம் ஒதுங்கி உட்கார நல்ல இடம். மற்றொன்று, 251-ஏ என்ற எண்ணுள்ள வீடு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் காந்தி வேட்டி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் வரையான துண்டோடு வெளியே வந்த வீடு இது. அதற்குப் பிறகு லண்டன் போனபோதும் அந்த உடைதான். இப்போது கீழே கதர்க் கடை நடக்கிறது. ஒரு கைக்குட்டையாவது வாங்கிக்கொண்டு, மாடிக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

மேலமாசியும் வடக்குமாசியும் சேரும் முனை கட்சிக் கூட்டங்களுக்குப் பேர்போனது. கூட்டம் நடக்கும் நாளில் அந்தப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள். நடப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லை. ஓரமாக நின்று கால் மணி நேரம் கேட்டுவிட்டுப் போகலாம், மதுரை மேடைப் பேச்சுக்குத் தனி ருசி உண்டு.

மஹால் பக்கம்

மாசி வீதிகளின் தென்கிழக்கு மூலையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் திருமலை நாயக்கர் மஹால். கோயில் நடை சாத்தியிருக்கும் மதியத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 1636-இல் கட்டியது. இன்று நிற்பது அசல் அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்கு. நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும் பகுதியைப் பிரித்துக்கொண்டு போனார். மிச்சம் பாழாகிக் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பழுது பார்க்கச் செய்தார். முற்றத்தின் நடுவில் நின்று ஒரு தூணை மட்டும் பாருங்கள், பிறகு பக்கத்தில் போய்க் கட்டிப்பிடிக்க முயலுங்கள். காலையில் பத்துத்தூண் சந்தைப் பார்த்திருந்தால், அங்கிருந்து இதுவரை எல்லாம் ஒரே அரண்மனையாக இருந்த அளவு அப்போதுதான் உறைக்கும்.

மஹாலைப் பார்த்தவுடன் வண்டி ஏறிவிடாதீர்கள். சுற்றியுள்ள தெருக்கள்தான் இந்தப் பகுதியின் சிறப்பு. நவபத்கானா தெரு, அரண்மனை வாசலில் முரசும் மேளமும் முழங்கிய இடத்தின் பெயர். இங்கே வீட்டுத் திண்ணைகளில் கேட்கும் பேச்சு தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. சௌராஷ்டிரம். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து கிளம்பி, பல தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்த நெசவாளர்களின் மொழி. மதுரைச் சுங்குடி இவர்கள் கைவேலை. துணியில் சிறு சிறு முடிச்சாக நூலால் கட்டி, சாயத்தில் நனைத்து, காய்ந்தபின் முடிச்சை உருவினால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. புவிசார் குறியீடு பெற்ற துணி.

சுங்குடி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இன்று சுங்குடி என்று விற்பதில் நிறைய மெழுகு அச்சில் வார்த்தது. அதுவும் நல்ல பருத்திச் சேலைதான், தினசரிக்குக் கட்டலாம், விலையும் குறைவு. கையால் முடிச்சுப் போட்டது வேண்டும் என்றால் புள்ளிகளைப் பாருங்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது, விளிம்பு நேராக இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கிப் புடைத்திருக்கும். சில கடைகளில் முடிச்சை அவிழ்க்காமலே வைத்து விற்பார்கள், உங்கள் எதிரிலேயே இழுத்து விரித்துக் காட்டுவார்கள். சாயந்தரம் இந்தத் தெருக்களில் முள்முருங்கை வடை கிடைத்தால் விடாதீர்கள். பச்சை நிறத்தில், மேலே பொடி தூவி, சுடச்சுடக் கொடுப்பார்கள்.

வெளி வீதி: இல்லாத கோட்டையைச் சுற்றி

கடைசிச் சதுரத்தை நடந்து முடிக்க வேண்டியதில்லை. பேருந்து இரைச்சல் அதிகம். ஆனால் அது என்ன என்று தெரிந்துகொண்டு கடக்க வேண்டும். பழைய ஊரைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. ஊர் நெருக்கமாகி மூச்சு முட்டியபோது, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அங்கேயே மனை என்று அறிவித்து வேலையை முடித்ததாகச் சொல்வார்கள். அப்போது உண்டான வீதிகள்தான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. மாரட் நில அளவையாளர், பெருமாள் மேஸ்திரி வேலையை மேற்பார்த்தவர். கலெக்டருக்கு ஒரு விளக்குத் தூண், மேஸ்திரிக்கு நான்கு பக்கமும் வீதி. மதில் போய்விட்டது, வாசல்கள் மட்டும் பெயர்களில் மிச்சம்: கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல்.

வெளி வீதிப் பக்கம் தேர்ந்தெடுத்துப் பார்க்க மூன்று இடம் சொல்வேன். கீழவெளி வீதியில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் புனித மரியன்னை பேராலயம். பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் காஜிமார் பெரிய பள்ளிவாசல், பாண்டியர் காலத்திலிருந்து இருப்பதாகச் சொல்லப்படுவது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கூடலழகர் கோயில். பெருமாள் கீழே அமர்ந்தும் மேல் நிலைகளில் நின்றும் கிடந்தும் இருக்கும் அஷ்டாங்க விமானம். பெரியாழ்வார் பல்லாண்டு பாடியது இங்கேதான் என்பது நம்பிக்கை. பள்ளிவாசல் தெருவிலிருந்து கூடலழகர் வாசலுக்குப் போக ஆட்டோ வேண்டாம். அவ்வளவு பக்கம்.

வடக்குவெளி வீதியில் சேதுபதி பள்ளி. 1904-இல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பள்ளி. அங்கிருந்து தமிழ்ச் சங்கம் ரோடு பக்கம்தான். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அங்கே இருக்கிறது.

இரண்டாம் நாள்: ஆற்றுக்கு அக்கரை

சிம்மக்கல்லில் காலை இட்லியை முடித்துக்கொண்டு யானைக்கல் வழியாக ஏ.வி. பாலத்தில் ஏறுங்கள். 1880-களில் கட்டிய பாலம், ஆல்பர்ட் விக்டர் என்பது முழுப் பெயர். நடைபாதையில் நடுவில் நின்று பாருங்கள். வைகையில் தண்ணீர் ஓடும் நாள் குறைவு. ஓடாவிட்டாலும் சித்ரா பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான பேர் நிற்கும் மணல் இதுதான், கள்ளழகர் குதிரை வாகனத்தில் இறங்குவது இந்தப் பக்கம்தான்.

பாலம் இறங்கினால் கோரிப்பாளையம். கோரி என்றால் கல்லறை. இரண்டு சுல்தான்களின் அடக்கத்தலமான தர்காவால் வந்த பெயர். பெரிய பச்சைக் குவிமாடத்தின் கீழ் எல்லா மதத்துக்காரர்களும் வந்து நிற்பதைப் பார்க்கலாம். அதற்கு அப்பால் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்கள், பிறகு தல்லாகுளம், தமுக்கம். இந்தக் கரையில் ஊர் தளர்வாக இருக்கும், மரங்கள் உண்டு, தெருக்கள் சதுரத்துக்கு அடங்காது. தல்லாகுளம் பெருமாள் கோயிலில்தான் அழகர் ஆற்றில் இறங்கும் முன் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிகிறார். அந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது.

காந்தி அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்தது. சுடப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. முந்தின நாள் மேலமாசியில் அவர் துண்டுக்கு மாறிய வீட்டைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கிறீர்கள். நான் அழைத்து வந்தவர்களில் பேசிக்கொண்டே அந்த அறையைக் கடந்தவர் ஒருவர்கூட இல்லை. புத்தகப் பிரியர்கள் அங்கிருந்து புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போகலாம், மதிய வெயிலுக்கு நல்ல ஒதுக்கிடம்.

சாயந்தரம் கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மஹால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்றும், அப்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் கோயிலில் நீங்கள் பார்த்த முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். நடுவில் கோயிலையும் தென்கிழக்கில் மஹாலையும் பார்த்தவர்களுக்குக் கதை இங்கே வந்து முடிச்சுப் போடும். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் இந்தக் குளத்தில் தெப்பம் ஏறுவார்கள். மற்ற நாளில் கரைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம்.

மூன்றாம் நாள் இருந்தால் ஊரை விட்டு வெளியே போங்கள். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் காலை வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும். திருப்பரங்குன்றத்துக்கு நகரப் பேருந்து போகிறது. கீழடி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வேண்டும்.

எப்போது வருவது, எப்படிச் சாப்பிடுவது

மார்கழியும் தையும் நடக்க ஏற்ற மாதங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வர ஆசைப்பட்டால் அறையைப் பல மாதம் முன்னதாகச் சொல்லி வையுங்கள். அந்த நாட்களில் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிடலாம். கூட்டம் போகும் பக்கம்தான் வழி. குழந்தைகள் சட்டைப்பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள், தண்ணீரைக் கையிலேயே வைத்திருங்கள், ஆற்றுக்குள் இறங்குவதைவிடக் கரையில் மேடான இடத்தில் நின்று பார்ப்பது பாதுகாப்பு.

சாப்பாட்டுக்குத் தனியாக அலைய வேண்டாம். தூங்காநகரம் என்ற பெயர் இரவுக் கடைகளால் நிற்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சிம்மக்கல் பக்கம் கறிதோசை கேளுங்கள். தோசை மேல் முட்டையும் கொத்திய கறிக் குழம்பும் பரப்பிச் சுட்டது, ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறையும். இரவில் பரோட்டா, சால்னா, மட்டன் சுக்கா. சைவம் என்றால் இரவு பத்து மணிக்கும் ஆவி பறக்கும் இட்லி நான்கு வகைச் சட்னியோடு கிடைக்கும். நடந்து களைத்த சாயந்தரங்களில் தள்ளுவண்டிப் பருத்திப்பால் குடியுங்கள், சுக்கும் கருப்பட்டியும் தொண்டைக்கு இதம்.

கிளம்பும் நாளில் ரயில் காலை எட்டு மணிக்கு என்றால் நான்கரைக்கே எழுந்து மறுபடியும் கீழமாசிக்குப் போங்கள். மூட்டை இறக்கும் நேரம் அது. லாரியிலிருந்து வற்றல் மிளகாய் மூட்டை முதுகுக்கு மாறும், "ஒதுங்கு, ஒதுங்கு" என்று குரல் வரும், டீக்கடையில் பெஞ்சு நிறைந்திருக்கும். ஓரமாக நின்று ஒரு டீ சொல்லுங்கள். தேரடிக்குப் பின்னால் கிழக்கு வெளுக்கும்போது மேற்கே திரும்பினால் கோபுரத்தின் உச்சிக்கு மட்டும் வெளிச்சம் வந்திருக்கும். அங்கிருந்து கோயிலைச் சுற்றிக்கொண்டு டவுன்ஹால் ரோடு வழியாக நடந்தால் அரை மணிக்குள் ரயில் நிலையம். வழி கேட்க வேண்டியிருக்காது.